பள்ளி போனாலும் கட்டடம் நிற்கட்டும்

(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற சமுதாய ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"ஆலயமும் சமுதாயமும்" என்னும் தலைப்பில் பேசுமாறு செயலாளர் அவர்கள் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள். அது பெரிய தலைப்பு. எனக்குக் கொடுக்கப்பட்டதோ இருபது நிமிடம். அதற்குப் பின் அன்னதானம் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே, அப்பெருந்தலைப்பின் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நம்மைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பிள்ளைகள் இல்லாமற்போன பழைய தமிழ்ப்பள்ளிக் கட்டடங்களை இடிய விடாமல் காத்து, சமுதாய மண்டபமாக ஆக்கிக்கொள்ள இயலுமா என்பதே நான் பேச வந்த பொருள்.

தோட்டப் பள்ளியை இங்கிருக்கும் மூத்தோர்க்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. இளையோருக்காகச் சொல்கிறேன். இடுப்பளவு சிமெண்டுச் சுவர், அதற்குமேல் பலகை, தகரக் கூரை. நீளமான ஒரே கூடம். நடுவில் தட்டி வைத்தால் இரண்டு வகுப்பு, எடுத்துவிட்டால் கலை நிகழ்ச்சி மேடை. மணிக்குப் பதிலாகத் தொங்குவது ஒரு தண்டவாளத் துண்டு. 1909-இல் கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை இரயில் பாதை முடிந்த காலந்தொட்டு அந்த இரும்புக்கு நம் பக்கத்தில் பஞ்சமில்லை. ஒரு புறம் கோயில், மறு புறம் ஆயாக்கொட்டகை, எதிரே பெரட்டுக்களம். காலை இருட்டில் பெற்றோர் பெரட்டுக்குப் போக, கைக்குழந்தை ஆயாக்கொட்டகைக்குப் போகும், மூத்தது பள்ளிக்குப் போகும். தோட்டம் என்பது இந்த நான்கு இடங்களுக்குள் அடங்கிய உலகமாக இருந்தது.

இப்பள்ளிகள் பெரும்பாலும் தோட்ட நிருவாகங்கள் விரும்பித் திறந்தவையல்ல. கூட்டரசு மலாய் மாநிலங்களில் 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி நடத்தவேண்டும் என்று விதித்தது. சட்டத்திற்காகக் கட்டியவர்கள் சிக்கனமாகவே கட்டினார்கள். ஆயினும் அச்சிக்கனக் கட்டடத்திற்கு நம் முன்னோர் தம் உழைப்பையும் சேர்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மண் சுமந்தவர்களும், பலகை அடித்தவர்களும், சம்பளத்தில் பிடித்தம் கொடுத்தவர்களும் பலர். அதனால்தான் அதனை "நம்ம பள்ளிக்கூடம்" என்றார்கள். சட்டப்படி அது நம்முடையதன்று என்பது பின்னாளில்தான் நமக்குத் தெரியவந்தது.

நாடு விடுதலை பெற்ற 1957-இல் தமிழ்ப்பள்ளிகள் 888 என்பது கணக்கு. இன்று ஐந்நூற்று இருபதுகளில் நிற்கின்றன. மூடப்பட்டவை சில, ஒன்றோடொன்று இணைக்கப்பட்டவை பல. தோட்டங்கள் துண்டாடப்பட்டதும், கித்தா மரம் போய்ச் செம்பனை வந்ததும், மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்ததும் காரணங்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். பிள்ளைகள் குறைந்த தோட்டப் பள்ளியின் உரிமத்தை மக்கள் பெருகிய இடத்திற்கு மாற்றிப் புதிய கட்டடம் எழுப்புவதை நான் குறை கூறவில்லை. பள்ளி பிழைப்பதற்கு அதுவே வழி. ஆனால், உரிமம் பெயரும், நிலம் பெயராது. பள்ளி போனவுடன் கட்டடம் நின்ற நிலம் யாருடையதோ அவருடைய விருப்பத்திற்கு அக்கட்டடம் ஆளாகிவிடுகிறது. பல தோட்டப் பள்ளிகள் அரசின் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே இருந்துவந்ததற்கும், நிலம் தனியாருடையதாக இருந்ததே காரணம்.

இங்கே நான் என் சொந்தக் குற்றம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் படித்த பள்ளி எண்பதுகளின் இறுதியில் இடம் பெயர்ந்தது. தோட்டத்தின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் வேண்டாம். அவர்கள் நம்மை ஏமாற்றியதாகச் சொல்ல எனக்கு ஆதாரம் எதுவுமில்லை. அப்போது பெற்றோர் ஆசிரியர் சங்கத்திற்கு நான் செயலாளர். பழைய கட்டடத்தைத் தோட்டத்து மக்களின் பொது மண்டபமாக விட்டுத்தர வேண்டும் என்று நிருவாகத்திற்கு ஒரு கடிதம் எழுதுவதெனக் கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். நானும் தட்டச்சு செய்து வைத்தேன். தலைவர் கையொப்பம் இடவேண்டும். அவர் ஊரில் இல்லை. பிறகு தீபாவளி வந்தது, பிறகு புதிய பள்ளியின் திறப்பு விழா வந்தது. கடிதம் என் மேசை இழுப்பறையில் கிடந்தது.

கட்டடம் பூட்டியே கிடந்தது. முதல் ஆண்டு சன்னல்கள் போயின. இரண்டாம் ஆண்டு தகரங்கள் போயின. எடுத்தவர்கள் அயலார் அல்லர், நம்மவர்களே கோழிக்கூட்டிற்கு எடுத்தார்கள். மூன்றாம் ஆண்டு கரையான் பலகைக்குள் புகுந்தது. அதன்பின் மறுநடவுக்காக நிலத்தைச் சமப்படுத்த வந்த இயந்திரத்திற்கு ஒரு முற்பகல் போதுமானதாயிற்று. செய்தி கேட்டு நான் மோட்டார் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது, முன்னாள் தலைமையாசிரியர் ஒருவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். அவர் என்னைத் திட்டவில்லை. "அந்தக் கடுதாசி போட்டீங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவர் இன்று உயிருடன் இல்லை.

அதற்குப் பிறகே இதுபோன்ற கட்டடங்கள் பிற இடங்களில் எவ்வாறு பிழைத்தன என்று தேடிப் பார்க்கத் தொடங்கினேன்.

இந்நாட்டில் தமிழ்க்கல்வி 1816-இல் பினாங்கு இலவசப் பள்ளியில் தொடங்கிய ஒரு தமிழ் வகுப்பிலிருந்து கணக்கிடப்படுகிறது. அவ்வகுப்பு நடந்த கட்டடத்தை நான் சொல்லவில்லை. அப்பள்ளி பிற்காலத்தில் ஃபார்குவார் சாலையில் எழுப்பிய கட்டடத்தைச் சொல்கிறேன். 1928-இல் பள்ளி வேறிடம் சென்றதும், அதே கட்டடத்தில் ஹட்சிங்ஸ் பள்ளி அமர்ந்தது. இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்து ஒரு பகுதி அழிந்தது. எஞ்சிய பகுதி 1965-இல் மாநில அரும்பொருட்காட்சியகமாயிற்று.

கோலாலம்பூரில் இன்னும் நெருக்கமான உதாரணம் உண்டு. மகா மாரியம்மன் ஆலயத்தைத் தோற்றுவித்த தம்புசாமிப் பிள்ளை அவர்களே விக்டோரியா கல்விக்கழகத்தை நிறுவியோருள்ளும் ஒருவர். விக்டோரியா அரசியின் 1887 பொன்விழாவிற்காகத் திரட்டிய பணம் அதற்கு வித்தாயிற்று. 1893-இல் அடிக்கல் நாட்டினார்கள். கோயிலும் பள்ளியும் ஒரே வீதியில், இன்றைய துன் எச்.எஸ். லீ சாலையில் அமைந்தன. ஆற்றங்கரைப் பள்ளியை வெள்ளம் ஓயாமல் தொல்லைப்படுத்தியதால் 1929-இல் மேட்டு நிலத்திற்கு மாறினார்கள். பழைய கட்டடத்தைக் கைவிட்டார்களா என்றால், இல்லை. வெவ்வேறு பயன்பாடுகளுக்குப் பின் அது பண்பாட்டு மையமாக விளங்கியது. இடையில் தீவிபத்து நேர்ந்து ஒரு பகுதி எரிந்தபோதும் மீண்டும் எழுப்பினார்கள். சிங்கப்பூரிலும் 1912-இல் கட்டிய தாவ் நான் பள்ளியின் பழைய கட்டடம், பள்ளி 1982-இல் பெயர்ந்த பின், 1997-இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

அவையெல்லாம் நகரத்துச் செங்கல் கட்டடங்கள், அரசாங்கப் பணம். நம்முடையது பலகையும் தகரமும்தானே என்று நீங்கள் எண்ணலாம். உண்மைதான். நம் பள்ளிக்கூடத்தை யாரும் அருங்காட்சியகமாக்கப் போவதில்லை. அப்படி ஆக்கவேண்டும் என்று நான் கேட்கவுமில்லை. ஆனால், பினாங்கில் ஒரு பள்ளி வெளியேறியதும் இன்னொன்று உள்ளே வந்ததைக் கவனியுங்கள். சாவி கைமாறியதே அன்றிக் கதவு பூட்டிக் கிடக்கவில்லை. செங்கல்லாவது ஆளின்றிச் சில காலம் தாங்கும். பலகை தாங்காது.

2014-ஆம் ஆண்டு நிகழ்ந்த மற்றொன்றையும் சொல்லவேண்டும். இலங்கைத் தமிழர்கள் 1904-இல் தொடங்கிய பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா ஆசிரமத்தின் நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு எழுப்பும் திட்டம் வெளிவந்தபோது, பொதுமக்கள் திரண்டு எதிர்த்தார்கள். தங்கள் பணிகளுக்கு வருவாய் வேண்டும் என்பது அறங்காவலர் தரப்பின் வாதம். அதில் நியாயமே இல்லையென்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் மக்கள் குரல் இயந்திரம் வருவதற்கு முன்னரே எழுந்தது. அரசும் 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டத்தின் கீழ் அதனைக் காக்க முன்வந்தது. எங்கள் பள்ளிக்காக நாங்கள் வருந்தியதோ இயந்திரம் வந்து போன பிறகு.

சரி, கட்டடம் கிடைத்தால் எதற்கு? ஆலயத்தில்தான் மண்டபம் இருக்கிறதே என்று நிர்வாகக் குழு நண்பர் ஒருவர் நேற்றே என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. ஆலய மண்டபத்தில் திருமணம் நடக்கும், சமய வகுப்பு நடக்கும். கருமாதிக்குக் கூடும் உறவினரை அங்கே உட்காரவைக்க முடியுமா? தீட்டு என்று நாமே தயங்குகிறோம். மழையில் தாழ்வாரத்தில் கித்தான் கட்டி அமர்கிறோம். இரத்த தான முகாம், பிள்ளைகளின் தேர்வுக்கால வகுப்பு, மலாய், சீன அண்டை வீட்டாரும் கூச்சமின்றி வந்து அமரவேண்டிய கூட்டம் ஆகிய இவற்றுக்கெல்லாம் ஆலயம் அல்லாத ஓர் இடம் தேவை. சமுதாய மண்டபம் இருந்தால் ஆலயத்தின் தூய்மையும் காக்கப்படும்.

வெள்ளத்தை மறந்துவிடாதீர்கள். 2006-ஆம் ஆண்டு இறுதியிலும் 2007 தொடக்கத்திலும், பின்னர் 2011-இலும், 2023 மார்ச்சிலும் சிகாமட் மாவட்டம் பட்ட பாடு உங்கள் கண்முன் நிற்கும். ஒவ்வொரு முறையும் மக்கள் தஞ்சம் புகுந்தது பள்ளிக்கூடங்களில்தான். மேட்டில் நிற்கும் ஒரு பழைய பள்ளியை இடியவிடும்போது, அடுத்த வெள்ளத்திற்கான ஒரு கூரையையும் சேர்த்தே இடியவிடுகிறோம்.

இனிச் செய்யவேண்டியதைச் சொல்கிறேன். பள்ளி இடம் பெயரப்போகிறது என்னும் பேச்சு எழுந்த அன்றே நில உடைமையாளருக்குக் கடிதம் போகவேண்டும். வாய்ச்சொல்லாகத் துரையிடம் கேட்டு, அவர் "பார்க்கலாம்" என்று தலையசைத்தால் போதாது. துரை மாறுவார், தோட்டமே கைமாறும். பெயரளவிலான வாடகைக்காயினும் எழுத்தில் ஓர் ஒப்பந்தம் இருக்கவேண்டும். அதில் கையொப்பமிடத் தனிமனிதர் கூடாது. 1966-ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டப்படி பதிவுபெற்ற ஓர் அமைப்பு வேண்டும். மண்டபமாகப் பயன்படுத்துவதற்கு லாபிஸ் மாவட்ட மன்றத்தின் அனுமதி வேண்டும். தீயணைப்புத் துறையின் ஆலோசனையும் கேட்கவேண்டும். பழைய மின்கம்பிகளை நம்பாதீர்கள். கூரையிலோ தடுப்பிலோ பழைய கல்நார்த் தகடு இருந்தால், நம் இளைஞர்கள் ஆர்வத்தில் சுத்தியலால் உடைத்து எடுக்கக்கூடாது. அத்தூசி நுரையீரலுக்குக் கேடு. அதற்குரிய பயிற்சி பெற்றவர்களே அதை அகற்றவேண்டும். பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு புதிய பள்ளிக்குப் போய்விடும். போகுமுன் தலைமையாசிரியரின் அனுமதியுடன் ஒரு படி எடுத்து வையுங்கள். அது நம் குடும்பங்களின் வரலாறு.

பணத்திற்கு எங்கே போவது? 1960-இல் துன் சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, நூறு வெள்ளிப் பங்கை மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தச் சொன்னார்கள். பால்வெட்டுத் தொழிலாளர் அப்பத்து வெள்ளியைக் கொடுத்தே அடுத்த ஆண்டு கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். ஒரு தோட்டத்தையே வாங்கிய கைகளின் பிள்ளைகள் நாம். நாம் வாங்கவேண்டியதோ சில கட்டுத் தகரமும் சன்னல் கதவும். பிள்ளைகள் பலர் ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்கிறார்கள். திருவிழாவிற்குத் தவறாமல் வருகிறார்கள். அவர்களிடம் நாம் இதுவரை கேட்டதில்லை.

இன்று ஆலய அலுவலகத்தில், இரசீது எழுதும் மேசைக்குப் பக்கத்தில், ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். உங்கள் தோட்டத்துப் பள்ளிக் கட்டடம் இன்னும் நிற்கிறதா, யார் நிலம், கூரை எப்படியிருக்கிறது, சாவி யாரிடம் என்னும் நான்கு விவரங்களை எழுதிவிட்டுச் செல்லுங்கள். பழைய புகைப்படம் இருந்தால் கொண்டுவாருங்கள். பார்த்துப் படியெடுத்துத் திருப்பித் தருவோம். அடுத்த மாத நிர்வாகக் கூட்டத்தில் அந்நோட்டை வைத்து எந்தக் கட்டடத்திற்கு முதற் கடிதம் என்று முடிவு செய்ய, தலைவர் அவர்கள் இசைந்திருக்கிறார்கள். இம்முறை கையொப்பத்தை அக்கூட்டத்திலேயே வாங்கி, மறுநாள் காலை நானே அஞ்சலகத்திற்கு எடுத்துச் செல்கிறேன்.