ஒளி வைக்கும் கைநாட்டு



நம் ஊர்ப் பெயரில் சந்திரன் இருக்கிறான். நீலசந்திரா. ஆனால் நம் சந்துக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால் சந்திரனே முழுதாகத் தெரியாது. இரண்டு பக்கமும் மாடி மேல் மாடி. நடுவில் கேபிள் கம்பி. மிச்சமிருக்கும் துண்டு வானத்தையும் தெருவிளக்கு வெளிச்சம் மறைத்துவிடும்.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கோரமங்களா. அங்கே இந்திய வான் இயற்பியல் நிறுவனம் இருக்கிறது. வேலைக்குப் போகும்போது உங்களில் பலர் அந்தப் பக்கமாகப் போயிருப்பீர்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் கேட்டிருக்க மாட்டீர்கள். அந்த நிறுவனம் முன்னின்று செய்த ஒரு தொலைநோக்கி இப்போது பூமியைச் சுற்றி வருகிறது. பெங்களூருக்குப் பக்கத்தில் ஹொசகோட்டேயில்தான் அதைப் பூட்டிச் சேர்த்தார்கள். ஆஸ்ட்ரோசாட் என்ற செயற்கைக்கோளில் வைத்து, 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து மேலே அனுப்பினார்கள்.

2016-இல் அந்தத் தொலைநோக்கி வானத்தின் ஒரு சிறு இடத்தை மொத்தம் 28 மணி நேரத்துக்கு மேல் உற்றுப் பார்த்தது. அங்கே ஒரு நட்சத்திர மண்டலத்தின் வெளிச்சம் கிடைத்தது. நட்சத்திர மண்டலம் என்றால் கோடி கோடியான நட்சத்திரங்கள் சேர்ந்த கூட்டம். நம் சூரியனும் அப்படி ஒரு கூட்டத்தில்தான் இருக்கிறது. அந்தக் கூட்டத்துக்குப் பால்வீதி என்று பெயர்.

ஆஸ்ட்ரோசாட் பார்த்த வெளிச்சம் 930 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது. பூமியின் வயதே சுமார் 450 கோடி ஆண்டுதான். பூமி பிறக்கும் முன்பே கிளம்பிய வெளிச்சம் அது.

இதை எப்படிச் சொல்கிறார்கள்? யார் போய் அளந்தார்கள்? யாரும் போகவில்லை. வந்த வெளிச்சத்தைப் படித்துச் சொன்னார்கள்.

முதலில் ஒரு சத்தத்தைக் கேளுங்கள். ஓசூர் ரோட்டில் ஆம்புலன்ஸ் வருகிறது. நம்மை நோக்கி வரும்போது அதன் சத்தம் கீச்சென்று இருக்கும். தாண்டிப் போனதும் சட்டென்று கனத்து இறங்கிவிடும். டிரைவர் எதையும் மாற்றவில்லை. ஏரியில் கல் போட்டால் அலை வருவது போல, சத்தமும் அலையாக வருகிறது. வண்டி நெருங்கும்போது அலைகள் நெருக்கிக்கொள்கின்றன. விலகும்போது அகன்றுவிடுகின்றன. கண்ணை மூடிக்கொண்டே வண்டி வருகிறதா போகிறதா என்று நீங்கள் சொல்லிவிடுவீர்கள்.

வெளிச்சமும் அலைதான். வானவில்லில் ஒரு ஓரம் ஊதா, மறு ஓரம் சிவப்பு. ஊதாவின் அலை குட்டை. சிவப்பின் அலை நீளம்.

சூரிய வெளிச்சத்தை முக்கோணக் கண்ணாடி வழியாக விட்டால் வானவில் போல் நிறம் பிரியும். நல்ல கருவியில் பார்த்தால் அந்த நிறங்களுக்கு நடுவே மெல்லிய கறுப்புக் கோடுகள் தெரியும். ஒவ்வொரு பொருளும் தன் கோடுகளைத் தனக்கென்று உள்ள இடத்தில் போடும். வெற்றிலைக்குத் தடவுகிறோமே சுண்ணாம்பு, அதிலுள்ள கால்சியம் ஊதாப் பக்கத்தில் ஜோடியாக இரண்டு கோடுகள் போடும். நம் கட்டைவிரல் ரேகை போலத்தான். இங்கே வந்திருக்கும் பலர் இப்போது கையெழுத்துப் போடுகிறீர்கள். நட்சத்திரங்கள் இன்னும் கைநாட்டுதான்.

தூரத்து மண்டலங்களின் கைநாட்டைப் பார்த்தவர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. அதே ஜோடிக் கோடுகள். ஆனால் இடம் மாறி, சிவப்புப் பக்கமாக நகர்ந்து நின்றன. இதற்குச் செம்பெயர்ச்சி என்று பெயர். அலை நீண்டுவிட்டது, அந்த மண்டலம் விலகிப் போகிறது என்று அர்த்தம். அமெரிக்காவில் ஸ்லைபர் என்பவர் 1912 முதல் இதை அளந்தார். அளந்தவற்றில் பெரும்பாலானவை விலகிப் போய்க்கொண்டிருந்தன.

இந்தக் கதையில் முக்கியமான ஆள் இனிமேல்தான் வருகிறார். மில்டன் ஹுமாசன். பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். கலிபோர்னியாவில் மவுண்ட் வில்சன் மலை உச்சியில் வானாய்வுக்கூடம் கட்டியபோது, கோவேறு கழுதைகளை ஓட்டி மலைமேல் சாமான் ஏற்றியவர். 1917-இல் அங்கேயே கூட்டிப் பெருக்கும் வேலையில் சேர்ந்தார். இரவில் தொலைநோக்கிக்கு உதவியாள் தேவைப்பட்டபோது அந்த வேலையும் செய்தார். வானத்தைப் படம் பிடிக்கப் பழகிக்கொண்டார். 1919-இல் அவரை ஆய்வாளர்களோடு சேர்த்துக்கொண்டார்கள்.

தூரத்து மண்டலத்தின் வெளிச்சம் மிக மங்கல். ஒரு படம் பதிய ஓர் இரவு போதாது. இரவுக்கு இரவு அதே இடத்தைக் குறி தவறாமல் பிடித்திருக்க வேண்டும். மலைமேல் குளிர் வேறு. ஹுமாசன் அப்படி உட்கார்ந்து கைநாட்டுகளைப் பதிந்தார். எட்வின் ஹபிள் தூரத்தைக் கணக்கிட்டார். 1929-இல் ஹபிள் முடிவை வெளியிட்டார். ஒரு மண்டலம் இரண்டு மடங்கு தூரத்தில் இருந்தால், இரண்டு மடங்கு வேகத்தில் விலகுகிறது. பெல்ஜிய நாட்டுப் பாதிரியார் லெமெய்த்தர் 1927-இலேயே கணக்குப் போட்டு, அண்டம் விரிகிறது என்று எழுதியிருந்தார். பலர் கவனிக்கவில்லை.

புத்தகங்களில் ஹபிள் பெயர் பெரிதாக இருக்கும். ஹுமாசன் பெயரைத் தேட வேண்டியிருக்கும். அது நியாயமில்லை. ஆனாலும் 1950-இல் சுவீடன் நாட்டு லுண்ட் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

எல்லாம் நம்மை விட்டு ஓடுகிறது என்றால், நாம்தான் நடுவில் இருக்கிறோமா? இல்லை. பேக்கரியில் திராட்சை போட்ட ரொட்டி செய்வதைப் பார்த்திருப்பீர்கள். மாவு உப்பி இரண்டு மடங்கு ஆகிறது. ஒரு திராட்சைக்கு ஒரு விரற்கடை தள்ளி இருந்த திராட்சை இப்போது இரண்டு விரற்கடை தள்ளி இருக்கும். மூன்று விரற்கடை தள்ளி இருந்தது ஆறுக்குப் போயிருக்கும். அதே நேரத்தில் பக்கத்துத் திராட்சை நகர்ந்தது ஒன்று, தூரத்துத் திராட்சை நகர்ந்தது மூன்று. எந்தத் திராட்சையில் உட்கார்ந்து பார்த்தாலும் இதே கணக்குதான். ரொட்டிக்கு ஓரம் உண்டு. அண்டத்துக்கு ஓரம் இருப்பதாக யாரும் கண்டதில்லை. உவமை அவ்வளவு தூரம்தான் வரும்.

திராட்சை உப்புவதில்லை என்பதையும் கவனியுங்கள். பூமி, வீடு, தெரு எதுவும் விரியாது. நீலசந்திரா சந்துகள் அகலமாகும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

ஆம்புலன்ஸ் உதாரணத்திலும் ஒரு திருத்தம் உண்டு. தூரத்து மண்டலங்கள் வண்டி போல ஓடுவதில்லை. இடையிலுள்ள வெளியே விரிகிறது. அதில் பயணம் செய்யும் வெளிச்சத்தின் அலையும் சேர்ந்து இழுபடுகிறது. எவ்வளவு அதிக காலம் பயணம் செய்ததோ, அவ்வளவு இழுபட்டிருக்கும். இந்தக் கணக்கைப் பின்னோக்கிப் போட்டால், சுமார் 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் எல்லாம் மிக நெருக்கமாக இருந்தது என்று வருகிறது.

இப்போது ஆஸ்ட்ரோசாட் கண்ட மண்டலத்துக்கு வருவோம். வேறு தொலைநோக்கிகளில் அதன் கோடுகளைப் படித்ததில், அலை 2.42 மடங்கு இழுபட்டிருந்தது. அதிலிருந்துதான் 930 கோடி ஆண்டு என்ற கணக்கு வந்தது. அது அனுப்பிய வெளிச்சம் ஊதாவுக்கும் அப்பால் உள்ளது. கண்ணுக்குத் தெரியாது. அதே மாதிரி வெளிச்சம் பக்கத்து மண்டலத்திலிருந்து வந்தால், வழியிலுள்ள வாயு பெரும்பாலும் விழுங்கிவிடும். இது இழுபட்டு நீண்டதால் நம் கருவிக்குள் அகப்பட்டது. புனேயைச் சேர்ந்த கனக் சாஹா என்ற ஆய்வாளரின் குழு இதை 2020 ஆகஸ்டில் வெளியிட்டது.

நகரத்து வெளிச்சத்தில் இந்த வேலை நடக்காது. அதனால்தான் வைணு பாப்பு என்ற வானியலாளர், 1960-களில், ஜவ்வாது மலையிலுள்ள காவலூரைத் தேர்ந்தெடுத்தார். இன்று அது திருப்பத்தூர் மாவட்டம். அங்கே 1986-இல் திறந்த தொலைநோக்கியில் 2.34 மீட்டர் அகலக் கண்ணாடி இருக்கிறது. அதைத் தேய்த்து மெருகேற்றியது பெங்களூரில்தான்.

நம்மில் சிலருக்குச் சொந்த ஊர் அந்தப் பக்கம். கார்த்திகை மாதம் ஊருக்குப் போனால், நிலா இல்லாத நாளில், இரவு எட்டு மணி சுமாருக்கு, விளக்கில்லாத வயல்வெளியில் வடக்கு பார்த்து நில்லுங்கள். தலை உச்சிக்குச் சற்றுக் கீழே புகை போல ஒரு சிறு திட்டுத் தெரியும். அது ஆண்ட்ரோமெடா, நமக்குப் பக்கத்திலுள்ள பெரிய நட்சத்திர மண்டலம். அந்த வெளிச்சம் புறப்பட்டு 25 லட்சம் ஆண்டு ஆகிறது. பக்கத்தில் இருப்பதால் ஒன்றை ஒன்று இழுத்துக்கொள்கின்றன. அதனால் அது விலகவில்லை. நம்மை நோக்கி வருகிறது. அதன் கோடுகள் ஊதாப் பக்கமாக நகர்ந்திருக்கும்.