நீலச் சுடரைக் கவனியுங்கள்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

 

டொக்டர் வந்தால் சீனி வருத்தம், பிரஷர் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். நான் பேச வந்தது நம் குசினியில் இருக்கும் கேஸ் அடுப்பைப் பற்றி.

2022 நோன்பு காலம் யாருக்கும் மறக்காது. கேஸும் இல்லை, கரண்டும் இல்லை. எங்கள் வீட்டுச் சிலிண்டரில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. முந்திய வருடம் கொரோனா வந்து சுகமான உம்மாவுக்கு மணம் தெரிவது நின்றுபோயிருந்தது. ஒரு நாள் மஃரிபுக்குச் சற்று முன் வேலை முடிந்து வந்தேன். வாசலிலேயே கேஸ் மணம். உள்ளே இருட்டில், கையில் மெழுகுதிரியும் நெருப்புப் பெட்டியுமாக உம்மா.

"உம்மா, பத்த வைக்க வாணாம்!" என்று கத்தினேன்.

நோன்புக் கஞ்சி பொங்கி வழிந்து பர்னர் அணைந்திருக்கிறது. திருகி திறந்தே இருந்தது. திருகியையும் ரெகுலேட்டரையும் மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, உம்மாவை முற்றத்துக்குக் கூட்டி வந்தேன். டோர்ச்சைக்கூட அமத்தவில்லை. அன்று முற்றத்தில்தான் பேரீச்சம்பழமும் தண்ணீரும் வைத்து நோன்பு திறந்தோம். அல்ஹம்துலில்லாஹ்.

கேஸுக்குச் சொந்த மணம் கிடையாது. கசிவு தெரிவதற்காகவே எதைல் மெர்கப்டன் சேர்க்கிறார்கள். மூக்கு வேலை செய்யாதவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. வயது போகப்போகவும் மணம் குறையும். ஆகவே உங்கள் உம்மா, மாமி தனியே சமைப்பவர் என்றால், மணம் தெரிகிறதா என்று இன்றே கேட்டுப் பாருங்கள்.

2021 நவம்பர், டிசம்பரில் நாடெங்கும் அடுப்புகள் வெடித்தன. அதை ஆராய்ந்த குழு, புரொப்பேன், பியூட்டேன் கலவை மாறியதையே பிரதான காரணமாகக் கண்டது. புரொப்பேன் கூடினால் சிலிண்டரின் அமுக்கம் கூடும். பழைய குழாயும் தளர்ந்த இணைப்பும் அதைத் தாங்காது. கலவை நம் கையில் இல்லை. குழாயையும் ரெகுலேட்டரையும் பார்த்து மாற்றுவது நம் கையில் இருக்கிறது. இணைப்பில் சவர்க்கார நுரை பூசிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு.

சிலிண்டர் கேஸ் காற்றை விடப் பாரமானது, தரையோடு தேங்கும். லண்டன் போன்ற ஊர்களில் குழாய் வழி வரும் கேஸ் இலேசானது, மேலே எழும். எதுவானாலும் மணம் வந்தால் சுவிட்சைத் தொட வேண்டாம், போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

நெருப்பை முதலில் பத்த வைத்து, பிறகு திருகியைத் திறவுங்கள். ஸஹருக்குத் தூக்கக் கலக்கத்தில் திருகியைத் திறந்துவிட்டு நெருப்புப் பெட்டி தேடுவதுதான் ஆபத்து. பற்றவில்லையா? மூடிவிட்டு, காற்றோட்டம் வந்தபின் மறுபடி முயலுங்கள்.

சுடர் நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாகி, சட்டியின் அடி கறுத்தால் கேஸ் சரியாக எரியவில்லை. நிறமும் மணமும் இல்லாத காபன் மொனொக்சைட்டு உண்டாகலாம். பர்னரைக் கழற்றிக் கழுவி, துவாரங்களை ஊசியால் சுத்தம் செய்து, நன்றாகக் காயவிட்டுப் பூட்டுங்கள். மடவளைக் குளிருக்கு ஜன்னலை அடைத்துக்கொண்டு சமைக்க வேண்டாம். ஷோலின் நுனியைச் செருகிக்கொள்ளுங்கள்.

தீப்பட்டால் காப்பு, மோதிரத்தை உடனே கழற்றி, ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை, ஐஸ், எண்ணெய் எதுவும் வேண்டாம். பற்பசை பூசிய காயத்தைத் துப்புரவாக்கும்போது நோயாளி படும் வேதனையை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மனைப்பொருளியல் வகுப்பில் டீச்சர் தினமும், "அடுப்பைப் பார்த்தியா பிள்ளை?" என்று கேட்டுவிட்டுத்தான் எங்களை வெளியே விடுவார். அன்று அது எங்களுக்குச் சிரிப்பு. இன்று படுக்கப் போகுமுன் ரெகுலேட்டரை மூடும்போதெல்லாம் அந்தக் குரல்தான் கேட்கிறது. உங்களுக்கும் கேட்கட்டும்.