உறைந்த தேங்காயெண்ணெய்

மார்கழிக் காலையில் தாம்பரம், சேலையூர் பக்கம் தேங்காயெண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழாது. கலப்படமோ என்று சந்தேகம் வரும். வேண்டாம், 24 டிகிரிக்குக் கீழே போனால் அது இறுகத்தான் செய்யும். ஆனால் பக்கத்திலிருக்கும் நல்லெண்ணெய் ஏன் உறையவில்லை?

இரண்டுமே கொழுப்புதான். ஒரு கிளிசரால், அதைப் பிடித்துத் தொங்கும் மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள். தேங்காயெண்ணெயில் பெரும்பாலும் நேரான சங்கிலிகள். நல்லெண்ணெயில் பெரும்பாலும் வளைந்தவை. பள்ளிக்கூடத்தில் நிறைவுற்றது, நிறைவுறாதது என்று மனப்பாடம் செய்தோமே, அது இதுதான்.

காலை நேர பீச் லோக்கல் ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். விறைப்பாக நின்றால் பெட்டி நிறைய ஆள் ஏறலாம். ஆளாளுக்கு முழங்கையை மடக்கி நீட்டினால் இடைவெளி விழும். அதேதான். நேரான சங்கிலி நெருங்கும், உறையும். வளைந்த சங்கிலி விலகும், ஓடும்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லையும் சுற்றியுள்ள சவ்வுக்கு அடிப்படையும் கொழுப்புதான். அங்கே சங்கிலி இரண்டு, மூன்றாவது இடத்தில் பாஸ்பேட். அதிலும் வளைந்த சங்கிலிகள் கலந்திருப்பதால்தான் சவ்வு இளக்கமாக இருக்கிறது. குளிர்ந்த கடலில் வாழும் மீனுக்கு, அந்த வளைவு இன்னும் அதிகம்.