குப்பையும் தீட்டும்

(தாமிரபரணிக் கரைக் கிராமக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)



2024 டிசம்பரில் கேரளத்து ஆஸ்பத்திரிக் குப்பைகள் நமது நடுக்கல்லூர், கோடகநல்லூர்ப் பக்கம் கொண்டுவந்து கொட்டப்பட்ட சங்கதி உங்களுக்குத் தெரியும். ஊர் கொதித்தது; பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது; அம்மாதம் 22-ந் தேதி கேரளத்து லாரிகளே வந்து வாரிக்கொண்டு போயின. நமது கோபம் முற்றிலும் நியாயமானதே. ஆனால் அதே கோபத்தை ராமையன்பட்டிக்காரர்கள் திருநெல்வேலிப் பட்டணத்தின்மீது கொண்டால் என்ன பதில் சொல்லுவது? பட்டணத்துக் குப்பையெல்லாம் அங்குதானே மலையாய்க் குவிந்தது? அது பல தடவை தீப்பற்றிப் புகைந்தபோது மூச்சுத் திணறினவர்கள் யார்? மலையாளி கொட்டினால் அக்கிரமம், நாம் கொட்டினால் நிர்வாகமா?

நிற்க, குப்பை ஏன் எரிகிறது? பேய் பிசாசின் வேலையல்ல. மீந்த சோற்றையும் காய்கறித் தோலையும் பிளாஸ்டிக் பையில் முடிந்து எறிகிறோம். காற்றுப் புகாத குவியலுக்குள் அது அழுகும்போது மீத்தேன் என்னும் எரிவாயு உண்டாகிறது. ஒரு பொறி போதும். மேலே தண்ணீர் அடித்தாலும் உள்ளே நாட்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். மழை பெய்தாலோ, அதன் கசிவு கிணற்றுக்கு இறங்கும்.

நம் பாட்டன்மாருக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் மகா ஞானிகள் என்பதால் அல்ல. அவர்கள் வீட்டில் மக்காத பொருள் அதிகம் இல்லை, அவ்வளவுதான். சாணியும் சாம்பலும் சருகும் எருக்குழிக்குப் போய் வயலுக்கு உரமாயின. இன்றும் அடுக்களைக் கழிவு ஒரு வரிசை, அதன்மேல் வாழைச் சருகு ஒரு வரிசை போட்டு, ஈரம் காயாமல் அவ்வப்போது கிளறிவிட்டால் சில மாதங்களில் எருவாகிவிடும். மக்குவது, மக்காதது, அபாயமானது என்று வீட்டிலேயே பிரித்துக் கொடுக்கும்படி 2016-ம் வருஷத்து விதிகளே சொல்லிவிட்டன. ஏன் செய்யவில்லை?

தோழர்களே! அங்கேதான் ஜாதி உட்கார்ந்திருக்கிறது. குப்பையைத் தொடுவது "வேறு ஆட்கள்" வேலை என்று நாம் நினைத்துக் கொண்டிருக்கிறோம். உடைந்த கண்ணாடியையும் ஊசியையும் சோற்றோடு கலந்து போடுகிறவன் சுத்தக்காரனாம். அதில் கையை விட்டுக் கீறிக்கொள்கிறவன் தீட்டுக்காரனாம்! இதைவிட மடமை வேறு உண்டா? பாபநாசத்தில் உடுத்திய துணியை ஆற்றில் விட்டால் பாவம் போகுமென்கிறார்கள். பாவம் போகிறதோ இல்லையோ, துணி போவதில்லை. தண்ணீரில் இறங்கி அதை அள்ளுகிறவனுக்கு எந்தப் புண்ணியமும் எழுதப்படவில்லை.

பிரிக்கும் வேலையைப் பெண்கள் தலையில் கட்டிவிட்டு ஆண்கள் திண்ணையில் உட்காரவும் கூடாது. தின்றவர் யாரோ அவரே பிரிக்கட்டும்.

வரப்போகும் கிராம சபையில் இரண்டே கேள்வி கேளுங்கள்: பிரித்துக் கொடுத்த குப்பையை மறுபடியும் ஒரே வண்டியில் கலக்கிறார்களா? துப்புரவுத் தொழிலாளிக்குக் கையுறையும் பூட்ஸும் கொடுத்தாயிற்றா? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் செய்துவிட்டுப் பிறகு வீட்டுக்குப் போங்கள்.