புகைக்கும் பிராயச்சித்தமா?

(ஓசூர்க் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இந்த ஓசூரில் மோட்டார் வண்டி முதல் சிறு திருகாணி வரையில் செய்கின்ற தொழிற்சாலைகளெல்லாம் மின்சாரத்தால் ஓடுகின்றன. நம் மாகாணத்து மின்சாரத்தில் ஒரு பெரும் பங்கு மேட்டூர் போன்ற இடங்களில் நிலக்கரியை எரித்து உண்டாக்கப்படுவதாகும். அப்படி ஒரு யூனிட் மின்சாரம் எடுத்தால் ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு ஆகாயத்தில் கலக்கிறது. அது பூமியின் உஷ்ணத்தை வெளியேற விடாமல் தடுக்கிறது, பருவங்கள் தடுமாறுகின்றன. இதற்கு வருண யாகம் செய்யவேண்டும் என்பவர்களைப்பற்றி நான் அதிகம் சொல்லவேண்டியதில்லை. புகையால் வந்த கேட்டுக்கு மேலும் புகை போடுவதுதான் அவர்கள் வைத்தியம்!

ஆனால் படித்தவர்களுக்குள்ளேயே இப்போது வேறொரு பரிகாரம் பேசப்படுகிறது. கரியமில வாயுவைப் புகைபோக்கியிலேயே பிடித்து, பூமிக்குள் அடைத்துவிட்டால், கரியை இஷ்டம்போல் எரிக்கலாமாம். பிடிக்க முடியும் என்பது பொய்யல்ல. புகையை ஒருவகை இரசாயனத் திரவத்தின் வழியாகச் செலுத்தினால், திரவம் அந்த வாயுவை இழுத்துக்கொள்ளும்; பிறகு திரவத்தைச் சூடாக்கினால் வாயு தனியே பிரியும். நார்வே தேசத்தார், எரிவாயுவோடு கலந்துவந்த கரியமில வாயுவைப் பிரித்து, 1996 முதல் கடலடிப் பாறைக்குள் செலுத்தி வந்திருக்கிறார்கள். நமது தூத்துக்குடியிலும் ஒரு சோடா உப்புத் தொழிற்சாலை, தன் கொதிகலன் புகையிலிருந்து வருஷத்திற்கு 60,000 டன் பிடித்துச் சோடா உப்பாக்கும் ஏற்பாட்டை 2016-ல் தொடங்கியது. மெச்சத்தக்க காரியமே.

ஆகவே, முடியுமா என்பது கேள்வியல்ல. எவ்வளவு, எங்கே, யார் செலவில் என்பவையே கேள்விகள்.

எவ்வளவு? மேட்டூரில் உள்ள 210 மெகாவாட் இயந்திரம் ஒன்று முழு வேகத்தில் ஓடினால், அந்த 60,000 டன்னைச் சுமார் பன்னிரண்டே நாளில் கக்கிவிடும்!

எங்கே? சோடா உப்பைக் கண்ணாடி உலையில் போட்டால் பிடித்த வாயு மறுபடி வெளியே வந்துவிடும். மண்ணுக்குள் புதைக்கவோ, நுண்துளையுள்ள பாறையும் அதன்மேல் கசியாத மூடுபாறையும் வேண்டும். நமது கிருஷ்ணகிரி ஜில்லாவோ கெட்டியான கருங்கல் பூமி. இதற்குள் அடைக்க இடமேது?

யார் செலவில்? திரவத்தைச் சூடாக்க, மின்சாரத்திற்கு உரிய நீராவியையே எடுக்கவேண்டும். அதனால் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு முதல் நாலிலொரு பங்கு வரை மின்சாரம் குறையும். அதை ஈடுகட்ட மேலும் கரி எரிக்கவேண்டும். அந்தச் செலவு கடைசியில் உங்கள் கட்டணச் சீட்டில்தானே வந்து நிற்கும்?

விஞ்ஞானத்தை நான் குறைகூற வரவில்லை. சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லிலிருந்தே வாயு கிளம்புகிறது. அங்கே இம்முறை அவசியமாகலாம். ஆனால் மின்சாரத்திற்கு வெயிலும் காற்றும் இருக்கின்றன. கங்கையில் முழுகினால் பாவம் போகும் என்பவன் பாவம் செய்ய அஞ்சுவதில்லை. அதுபோல், பிறகு பிடித்துக்கொள்ளலாம் என்பவனும் கரி எரிக்க அஞ்சமாட்டான். சாஸ்திரி சொன்னாலும் இஞ்சினீயர் சொன்னாலும், நானே சொன்னாலும், கணக்கைக் கேளுங்கள். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் ஒப்புக்கொள்ளுங்கள்.