மரங்களுக்கு மேலே ஒரு மலை

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து 101ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே கிளம்பினால், வெகுநேரம் திராட்சைத் தோட்டங்களும் கோடையில் வெளிறிப்போன புல்மேடுகளும்தான் கூட வரும். அப்புறம் மலைகள் நெருங்குகின்றன. ஈல் ஆற்றின் தென்கிளை சாலையோடு சேர்ந்துகொள்கிறது. நாலு மணி நேரம் போல ஓட்டிய பிறகு, பெரிய சாலையை விட்டு 254ஆம் எண் பழைய சாலைக்கு இறங்க வேண்டும். 'அவென்யூ ஆஃப் தி ஜெயன்ட்ஸ்' என்று பெயர் வாங்கிய 50 கிலோமீட்டர் சாலை அது. இறங்கிய கொஞ்ச தூரத்திலேயே வெயில் காணாமல் போய்விடும். நல்ல மத்தியான வேளையிலும் வண்டிகள் முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு வருகின்றன. நாம் வந்து சேர்ந்திருப்பது ஹம்போல்ட் ரெட்வுட்ஸ் மாநிலப் பூங்கா.

ரெட்வுட் மரம் உலகில் இயற்கையாக வளரும் இடம் ஒன்றே ஒன்றுதான். ஆரெகன் மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் தொடங்கி, கலிஃபோர்னியாவின் பசிபிக் கரையை ஒட்டி, பிக் சர் வரைக்கும் இறங்கும் ஒடுக்கமான நிலப்பட்டை. ஐரோப்பியர் வந்து கோடரி எடுப்பதற்கு முன் அங்கே சுமார் 20 லட்சம் ஏக்கர் பழங்காடு இருந்தது. இன்றைக்கு மிஞ்சியிருப்பது அதில் 5 சதவீதம். இந்தப் பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 53,000 ஏக்கர். அதில் 17,000 ஏக்கர் வெட்டுப்படாத காடு. அதற்குள்ளே 'ராக்ஃபெல்லர் காடு' என்ற 10,000 ஏக்கர், துண்டுபடாமல் மிஞ்சிய பழைய கடலோர ரெட்வுட் காடுகளிலேயே மிகப் பெரியது.

இங்கே வருகிற எல்லோரும் முதலில் போகும் இடம் 'ஃபவுண்டர்ஸ் க்ரோவ்' என்னும் தோப்பு. வண்டியை நிறுத்திவிட்டு நடந்தால் அரை மணியில் சுற்றிவிடலாம் என்று பலகை சொல்லும். தயவுசெய்து அரை மணியில் சுற்றாதீர்கள். நுழைந்ததுமே நிற்கிற 'ஃபவுண்டர்ஸ் மரம்' சுமார் 105 மீட்டர். ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் கலசத்துக்கு மேலே இன்னொரு பாதி கோபுரத்தை ஏற்றி வைத்தால் கிட்டத்தட்ட இந்த உயரம் வரும். அதிலும் தரையிலிருந்து 50 மீட்டருக்கும் அதிகமான உயரம் வரை ஒரு கிளைகூடக் கிடையாது. அண்ணாந்து பார்த்தால் நுனி தெரியாது. சில நிமிடங்களில் கழுத்து வலித்து, பார்வை தானே கீழே வந்துவிடும். வரட்டும். பார்க்க வேண்டியதில் பெரும்பங்கு கீழேதான் இருக்கிறது.

காலடியில் எங்கும் நம் ஊர்ப் புளியாரையின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடி, மூன்று மூன்று இலையாக விரிந்து கிடக்கிறது. மரங்களின் இடைவெளியில் எப்போதாவது ஒரு வெயில் கீற்று அதன்மேல் விழுந்தால், சில நிமிடங்களுக்குள் இலைகள் குடை மடங்குவது போலத் தொங்கிவிடும். வெயில் நகர்ந்ததும் மறுபடி விரியும். நின்று பார்க்கப் பொறுமை இருந்தால் கண்ணெதிரே நடக்கும். இடுப்பளவு பெரணிகள். அவற்றின் அடியில், விரல் நீளத்துக்கும் மேலான மஞ்சள் நிற ஓடில்லா நத்தை, உதிர்ந்த சருகைத் தின்றுகொண்டே நகர்கிறது. மரத்தின் பட்டையைத் தொட்டுப் பாருங்கள். நார் நாராக, மெத்தென்று இருக்கும். கிழமரங்களில் அது ஓர் அடி கனம்கூட இருக்கும். பிசின் கிடையாது, துவர்ப்புச் சத்து நிறைய. அதனால்தான் தீ எளிதில் பிடிப்பதில்லை, பூச்சியும் அண்டுவதில்லை. அடிப்பாகம் தீயில் வெந்து குகை போல ஆகிவிட்ட மரங்கள் இங்கே ஏராளம். உள்ளே ஏழெட்டுப் பேர் நிற்கலாம். அந்த மரங்கள் மேலே பச்சையாகத் தழைத்திருக்கின்றன.

அதே தோப்பின் இன்னொரு பக்கம் 'டயர்வில் ஜயண்ட்' கிடக்கிறது. சுமார் 110 மீட்டர் உயரம், 5 மீட்டர் குறுக்களவு கொண்ட அந்த மரம் 1991 மார்ச்சில் விழுந்தது. நாள்கணக்கில் பெய்த மழையில் மண் ஊறிப்போயிருந்தது. அருகே விழுந்த வேறொரு மரம் மோத, இது வேரோடு பெயர்ந்தது. தொலைவில் குடியிருந்த ஒருவர் அந்தச் சத்தத்தை ரயில் விபத்து என்று நினைத்தாராம். இப்போது அதன் பக்கத்தில் நின்றால் மறுபக்கம் தெரியாது. படுத்திருக்கும் மரமே நம் தலைக்கு மேலே மதில் போல எழுந்து நிற்கிறது. வேர்ப்பகுதி மண்ணோடு பிய்ந்து வானத்தைப் பார்க்கிறது. அதை அருகில் போய்ப் பார்த்தபோதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது: இவ்வளவு பெரிய மரத்துக்கு ஆணிவேரே இல்லை. வேர்கள் ஆழமாகப் போனால் 3, 4 மீட்டர். ஆனால் பக்கவாட்டில் 30 மீட்டர் வரை ஓடி, அடுத்த மரத்தின் வேரோடு பின்னிக்கொள்கின்றன. காற்றையும் வெள்ளத்தையும் இந்த மரங்கள் கூட்டமாகத்தான் தாங்குகின்றன.

விழுந்த மரத்தை யாரும் அப்புறப்படுத்தவில்லை. அறுத்து விற்றிருந்தால் பெரும் பணம். பூங்காக்காரர்கள் அதைக் கிடந்தபடி விட்டுவிட்டார்கள். இந்தக் காட்டில் நான் பார்த்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு அது. ரெட்வுட் கட்டை லேசில் மக்காது, நூற்றாண்டுக் கணக்கில் கிடக்கும். அதன் முதுகில் பாசி படர்கிறது, பாசியில் பெரணி முளைக்கிறது, மரக்கன்று வேர் விடுகிறது. ரெட்வுட்டும் அப்படி எளிதில் சாவதில்லை. அடிமரத்தில் முண்டு முண்டாகப் புடைத்திருக்கும் இடங்களில் தூங்கும் மொட்டுகள் ஆயிரக்கணக்கில் உண்டு. தாய்மரம் வெட்டுப்பட்டாலோ வெந்தாலோ அவை துளிர்த்து, பழைய அடிக்கட்டையைச் சுற்றி வட்டமாகப் புதுமரங்கள் எழும். அப்படி வட்டமாக நிற்கும் மரங்களை வழியெல்லாம் பார்க்கலாம். விதை தக்காளி விதையளவுதான். கோடையில் மழை கிடையாது. அப்போது கடலிலிருந்து வரும் மூடுபனிதான் இந்த மரங்களுக்குக் குடிதண்ணீர். இலைகளில் படிந்து சொட்டுகிறது, இலைகளே அதை உறிஞ்சவும் செய்கின்றன.

இந்தத் தோப்பு தானாகப் பிழைத்துவிடவில்லை. வெள்ளையர் வருவதற்கு முன் இந்தப் பள்ளத்தாக்கில் சின்கியோன் மக்கள் வாழ்ந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் குடியேற்றக்காரர்களால் கொல்லப்பட்டும் துரத்தப்பட்டும் அவர்கள் சிதறிப்போனார்கள். அதன் பிறகு மரம் வெட்டும் நிறுவனங்கள் வந்தன. 1917இல் ஜான் மெரியம், ஹென்றி ஆஸ்பர்ன், மாடிசன் கிராண்ட் ஆகிய மூவர் இந்த வழியாக வந்து, சாலையோரம் மரங்கள் சரிவதைப் பார்த்தார்கள். மறு ஆண்டே 'சேவ் தி ரெட்வுட்ஸ் லீக்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அந்த மூவரின் நினைவாகத்தான் இந்தத் தோப்புக்கும் மரத்துக்கும் 'ஃபவுண்டர்ஸ்' என்ற பெயர். அவர்களில் கிராண்ட், வெள்ளை இன மேன்மையைப் போற்றிப் புத்தகம் எழுதியவர். மரத்தைக் காத்த கை மனிதரைத் தரம் பிரித்த கையாகவும் இருந்ததை மறைக்காமல் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நான் அதிகம் நினைத்துக்கொள்வது உள்ளூர்ப் பெண்களைத்தான். 1919இல் யூரேக்கா நகரப் பெண்கள் தங்களுக்கென ஒரு ரெட்வுட் பாதுகாப்பு அமைப்பை உருவாக்கினார்கள். அதன் முன்னணியில் இருந்தவர் லாரா மஹன். 1924இல் டயர்வில் பகுதியில் சத்தமில்லாமல் மரவெட்டு தொடங்கிவிட்டதை லாராவும் அவர் கணவர் ஜேம்ஸும் கண்டுபிடித்து ஊரைக் கூட்டினார்கள். வெட்டு நின்றது. அவர்கள் பெயரில் காட்டுக்குள் ஒரு நினைவுக்கல் இருக்கிறது, தேடிப் போய்ப் பாருங்கள். பிறகு மாநில அரசின் பணமும், இளைய ஜான் டி. ராக்ஃபெல்லர் தந்த 20 லட்சம் டாலரும் சேர்ந்து, 1931இல் பசிபிக் லம்பர் நிறுவனத்திடமிருந்து புல் கிரீக் ஓடைக்கரைக் காடு வாங்கப்பட்டது.

அந்த ஓடைக்கரைக்கு இப்போது போவோம். மட்டோல் சாலை என்று ஒன்று, ஒரு வண்டிக்கே போதுமான அகலத்தில், மரங்களுக்கு இடையே வளைந்து வளைந்து போகிறது. சில இடங்களில் மரத்துக்கு வழிவிட்டு ரோடு ஒதுங்கியிருக்கிறது. புல் கிரீக்கின் இரு கரையிலும் நடைபாதை உண்டு. ஏறக்குறைய சமதரை, வயதானவர்களும் நடக்கலாம். காட்டிலேயே பெரிய மரங்கள் ஏன் இந்தக் கரையில் நிற்கின்றன என்றால், வெள்ளம்தான் காரணம். ஒவ்வொரு பெருவெள்ளமும் வண்டலைக் கொண்டுவந்து அடிமரத்தைச் சுற்றிக் கொட்டுகிறது. வேறு மரமாக இருந்தால் மூச்சு முட்டிச் செத்துவிடும். ரெட்வுட் அந்தப் புது வண்டலுக்குள் புது வேர் விட்டு, முன்னிலும் கொழுத்து வளர்கிறது.

ஆனால் 1955இல் வந்தது வேறு மாதிரி வெள்ளம். கரைக்காடு பூங்காவின் கையில் பத்திரமாக இருந்தது. ஓடை பிறக்கும் மேல்மலைச் சரிவுகள் தனியார் கையில் இருந்தன. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் வீடு கட்டப் பலகைக்குக் கடும் கிராக்கி. மேலே நின்ற டக்ளஸ் ஃபிர் மரங்களை டிராக்டர் வைத்து இழுத்தார்கள். சரிவெல்லாம் மண்பாதைகள். மிஞ்சியதில் தீயும் புகுந்தது. அந்த டிசம்பரில் மழை கொட்டியபோது பிடித்துவைக்க வேர் இல்லாத மலை கரைந்து இறங்கியது. சரளையும் மரக்கட்டைகளும் ஓடையை அடைத்தன, நீர் கரையை அரித்துக்கொண்டு அகலமாகப் பாய்ந்தது. ஆயிரம் ஆண்டு வெள்ளங்களைப் பார்த்த ரெட்வுட் மரங்கள் நூற்றுக்கணக்கில் சாய்ந்தன. 1964 டிசம்பரில் இன்னும் பெரிய வெள்ளம். வியாட் என்ற சிற்றூரில், அந்த வெள்ளம் எட்டிய மட்டத்தைக் காட்ட, சாலைக்கு மேலே சுமார் 10 மீட்டர் உயரத்தில் கம்பத்தில் ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். முதலில் பார்க்கும் யாரும் அதை நம்புவதில்லை.

வேலி போட்டு மரங்களைக் காத்தாயிற்று என்று இருந்தவர்களுக்கு அப்போது புரிந்தது, ஓடைக்கரைக் காட்டைக் காக்க வேண்டுமானால் மேலே இருக்கும் மலையையும் காக்க வேண்டும். அடுத்த பல ஆண்டுகள், மொட்டையடிக்கப்பட்ட சரிவுகளை ஒவ்வொன்றாக விலை கொடுத்து வாங்கினார்கள். பார்க்க ஒன்றுமில்லாத, ஒரு பெரிய மரம்கூட மிஞ்சாத நிலம். அதற்குப் பணம் திரட்டுவது, அழகான தோப்புக்குத் திரட்டுவதைப் போல எளிதாக இருந்திருக்காது. இன்று புல் கிரீக்கின் நீர்ப்பிடிப்புப் பகுதி ஏறத்தாழ முழுவதும் பூங்காவுக்குள் இருக்கிறது.

உடம்பில் தெம்பு உள்ளவர்கள் இதைக் கண்ணால் பார்க்க 'கிராஸ்ஹாப்பர் பீக்' சிகரத்துக்கு ஏற வேண்டும். உயரம் ஆயிரம் மீட்டருக்குச் சற்று அதிகம். விடிந்ததும் கிளம்பினால் திரும்ப மாலையாகிவிடும். வழியில் தண்ணீருக்கு உத்தரவாதம் இல்லை, கீழிருந்தே சுமந்து போங்கள். ஏற ஏற ரெட்வுட் குறையும். டக்ளஸ் ஃபிர் வரும், டேனோக் வரும், பிறகு பட்டை உரிந்து செந்நிறமாக வழவழக்கும் மட்ரோன் மரங்கள். பாதி வழியில் 'ஜான்சன் கேம்ப்'. இரும்புப் பாதைக்கு ஸ்லீப்பர் கட்டை பிளந்து கொடுத்த தொழிலாளிகள் தங்கிய மரக்குடிசைகள் இன்னும் அங்கே இருக்கின்றன. தனியாக அந்தக் காட்டில் நாளெல்லாம் கோடரி வீசியவர்கள் படுத்த இடம் எவ்வளவு சின்னது என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

சிகரத்தில் தீக்கண்காணிப்புக் கோபுரம் ஒன்று உண்டு. அங்கிருந்து சுற்றுமலைகள் முழுக்கத் தெரிகின்றன. பழங்காடு கரும்பச்சையாக ஓடையை ஒட்டி நீண்டு கிடக்கிறது. அதற்கு மேற்கே, ஓடையின் தலைப்பக்கச் சரிவுகளில், ஒரே உயரத்தில் நெருக்கமாக நிற்கும் இளங்காடு வெளிர்பச்சையாகத் தனித்துத் தெரியும். அவைதான் அன்று கரைந்த சரிவுகள். பழைய டிராக்டர் பாதைகளைத் தோண்டி எடுத்து, மலையின் பழைய வளைவுக்கே மண்ணை நிரப்பும் வேலை அங்கே ஆண்டாண்டாக நடந்துவருகிறது. ஓடைக்கு சால்மன் மீன்கள் முட்டையிட வருகின்றன. அவை வர வேண்டுமென்றால் சரளை சுத்தமாக இருக்க வேண்டும், சரளை சுத்தமாக இருக்க மேலே மண் நகராமல் இருக்க வேண்டும்.

எப்போது போகலாம் என்று கேட்பீர்கள். புல் கிரீக்கைக் கடக்கும் மர நடைபாலங்களைக் கோடைக்கு மட்டும் போடுவார்கள், மழைக்கு முன் எடுத்துவிடுவார்கள். இரு கரையும் நடக்க விரும்பினால் ஜூன் முதல் செப்டம்பர் வரை நல்லது. காலையில் ஆற்றுவழியே மூடுபனி ஏறி வரும், கம்பளிச் சட்டை வேண்டும். மத்தியானம் காட்டுக்கு வெளியே சுள்ளென்று வெயில் அடிக்கும். மூன்று இலையாகப் பளபளக்கும் 'பாய்ஸன் ஓக்' செடியைத் தொட்டுவிடாதீர்கள், நாள்கணக்கில் அரிக்கும். வழி மாறி, மரத்தின் அடிக்கே போய்ப் படம் எடுக்கும் ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள். வேர்கள் மேலாக இருப்பதால் பலபேர் மிதித்தால் மண் இறுகிவிடும். சாப்பிட்ட இடத்தில் ஒரு துணுக்கு ரொட்டியும் சிந்தக்கூடாது. சிந்தினால் ஜே பறவைகளும் அண்டங்காக்கைகளும் பெருகும். அவை, ரெட்வுட்டின் உயரக் கிளைப்பாசியில் ஒற்றை முட்டையிடும் மார்பிள்ட் மர்லெட் என்ற அருகிவரும் கடற்பறவையின் கூட்டைச் சூறையாடும்.

பூங்காவின் பார்வையாளர் மையம் வியாட்டுக்கும் மயர்ஸ் ஃபிளாட்டுக்கும் நடுவே, 254ஆம் எண் சாலையிலேயே இருக்கிறது. முதலில் அங்கே இறங்கி வரைபடம் வாங்கிக்கொள்ளுங்கள். எந்தப் பாதை மரம் விழுந்து அடைபட்டிருக்கிறது, பாலங்கள் போட்டாயிற்றா என்பதையெல்லாம் அங்கிருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால் ஃபவுண்டர்ஸ் தோப்பைக் காலையில் முடித்துக்கொண்டு, மீதி நேரம் முழுவதையும் புல் கிரீக் கரைக்குக் கொடுங்கள்.