விழுந்த கைக்கு மனப் பயிற்சி



பாரிசவாதம் வந்தவர் காதுபடவே, "கை விழுந்திருச்சு, இனிக் கொழுந்துக் கூடை எதுக்கு?" என்று லயத்திலே பேசிவிடுகிறோம். நாங்களும் அப்படிப் பேசியவர்கள்தான்.

ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்த உடற்பயிற்சி முடிந்ததும் அவரைக் கண்ணை மூடச் சொல்லுங்கள. மகளோ மருமகளோ பக்கத்திலிருந்து மெதுவாகச் சொல்லட்டும்: "அம்மா, கையை நீட்டுங்க. தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிங்க. சூடு தெரியுதா? வாய்க்குக் கொண்டு போங்க."

கை அசைய வேண்டாம். தானே செய்வதாக மனதில் உணர்ந்தால் போதும். கையை ஆட்டும் மூளைப் பகுதிகள் பலவும் அப்போது வேலை செய்கின்றன. இது மந்திரமில்லை. உடற்பயிற்சியோடு சேர்த்துச் செய்தால் கை தேற உதவும் என்று 2020இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. நினைப்பை மட்டும் நம்பிப் பயிற்சியையும் மாத்திரையையும் விட்டுவிடாதீர்கள்.

அம்மா களைத்துப் போனால் அன்றைக்கு அவ்வளவுதான், நாளைக்குச் செய்யலாம்.